முதல் மான் வேட்டைக்கு என்ன பூட்ஸ் வாங்குவது?

கேள்வி கேட்ட தம்பியின் நிலைமை இது. ஒன்ராறியோவில் வேட்டைப் பயிற்சி முடித்து உரிமமும் எடுத்துவிட்டார். வேலைத்தல நண்பர்கள் நவம்பர் முற்பகுதியில் ஹலிபேர்ட்டன் பக்கம் ஒரு கிழமை மான் வேட்டைக்குக் கூப்பிட்டிருக்கிறார்கள். அதற்கு முன், வானில் வீசிவிடும் களிமண் தட்டுகளைச் சுட்டுப் பழக வேண்டும், முடிந்தால் ஒரு நாள் வாத்து வேட்டைக்கும் போகவேண்டும் என்று ஆசை. வீட்டில் இருப்பவை தொழிற்சாலைக்குப் போடும் இரும்பு முனைச் சப்பாத்தும், ஸ்னோ தள்ளப் போடும் பூட்ஸும்தான். இவை காணுமா, புதிதாக வாங்குவதென்றால் எதை வாங்குவது, முந்நூறு டொலருக்குள் முடியுமா என்று கேட்கிறார்.

முந்நூறுக்குள் முடியும். முழங்கால் வரை வருகிற, உள்ளே நியோபிரீன் என்ற நுரை றப்பர் வைத்த றப்பர் பூட்ஸ் ஒரு சோடி, நல்ல கம்பளி சொக்ஸ் மூன்று சோடி. பூட்ஸ் நூற்றைம்பதிலிருந்து இருநூற்றிருபது டொலர் வரை வரும், மிச்சம் சொக்ஸுக்கு. தொழிற்சாலைச் சப்பாத்தை வீட்டிலேயே விட்டுவிடுங்கள். ஸ்னோ பூட்ஸைக் காரில் போட்டுக்கொண்டு போங்கள், அதற்கும் ஒரு வேலை இருக்கிறது. ஏன் இப்படிச் சொல்கிறேன் என்பதை இனி ஆறுதலாக எழுதுகிறேன், ஏனென்றால் காரணம் விளங்கினால் கடையில் விற்பனையாளர் வேறு எதையும் காட்டினாலும் நீங்களே முடிவெடுக்கலாம்.

வேட்டை என்றதும் நாள் முழுக்கக் காட்டுக்குள் நடப்பதாகத்தான் புதிதாக வருகிறவர்கள் நினைக்கிறார்கள். அதனால் மலையேறுகிறவர்கள் போடும் பூட்ஸைத் தேடிப் போகிறார்கள். ஹலிபேர்ட்டன் முகாம்களில் பரம்பரையாக நடப்பது நாய் விட்டுக் கலைக்கிற வேட்டை. நாய்க்காரர்கள் ஒரு பக்கத்தால் மானைக் கிளப்ப, மற்றவர்கள் மான் ஓடும் தடங்களில் ஆளுக்கொரு இடமாகக் காவல் இருப்பார்கள். முதல் வருடம் போகிறவரை நாய்க்குப் பின்னால் ஓடவிட மாட்டார்கள். ஒரு பாறை மேட்டையோ மரப் பரணையோ காட்டி, இதைவிட்டு அசையாதே என்று சொல்லிவிட்டுப் போவார்கள். சூரிய உதயத்துக்கு அரை மணி நேரம் முன்பே சட்டப்படி சுடத் தொடங்கலாம் என்பதால் இருட்டிலேயே அங்கே போயிருக்க வேண்டும். பிறகு மூன்று மணி, நான்கு மணி நேரம் அசையாமல் இருக்க வேண்டும்.

ஆகவே உங்கள் கால் இரண்டு எதிரெதிரான வேலைகளைச் செய்யப் போகிறது. முதலில் இருபது நிமிடம், அரை மணி நேரம் துவக்கோடும் பையோடும் சதுப்பையும் பாறையையும் கடந்து நடை. அதில் கால் வியர்க்கும். அதற்குப் பிறகு மணிக்கணக்கில் இருப்பு. அதில் அந்த வியர்வையே காலைக் குளிர வைக்கும். கால் விறைத்துப்போய்ப் பத்து மணிக்கே முகாமுக்குத் திரும்புகிறவர்களில் பலருக்கு வெளித் தண்ணீர் ஒரு துளியும் உள்ளே போயிருக்காது. சொந்த வியர்வைதான் காரணம். இதனால்தான் மெத்தத் தடித்த, மெத்தச் சூடான பூட்ஸ் வாங்கினால் பிரச்சினை தீரும் என்பது சரியில்லை. அது நடக்கும்போது இன்னும் வியர்க்க வைக்கும்.

இன்னொன்று. உடம்பின் நடுப்பகுதி குளிரத் தொடங்கினால் உடம்பு கை கால்களுக்குப் போகும் இரத்தத்தைத்தான் முதலில் குறைக்கும். தலையில் தொப்பி இல்லாமல், மெல்லிய காற்சட்டையோடு இருந்துகொண்டு பூட்ஸைக் குறை சொல்வதில் பயனில்லை. அதேபோல், பூட்ஸுக்குள் கால் நெருங்கிப்போய் இருந்தாலும் இரத்தம் ஓடாது. இரண்டு சோடித் தடித்த சொக்ஸைத் திணித்துப் போட்டவர், ஒரு சோடியோடு விரலை அசைக்க இடம் வைத்திருப்பவரைவிட முதலில் விறைப்பார்.

இனி கையில் இருப்பவற்றைப் பார்ப்போம். தொழிற்சாலைச் சப்பாத்தில் பச்சை முக்கோணம் இருக்கும். முனைக்கு உயர்தரப் பாதுகாப்பும், ஆணி ஏறாத அடியும் உள்ளது என்பதற்கான கனடிய அடையாளம் அது. வேலைத்தலத்தில் அருமையான பொருள். காட்டில் அதன் முனை இரும்பு வெப்பத்தை வெளியே கடத்துகிறது, விரல்களுக்கு மேலே வளைந்து கொடுக்காது, தடித்த சொக்ஸுக்கு இடம் விடாது. வேலைக்குச் சரியான அளவில் வாங்கியதாக இருந்தால் கம்பளி சொக்ஸோடு அது கட்டாயம் இறுகும். அப்புறம் எண்ணெய், இரசாயன மணம் அதில் ஊறியிருக்கும். மானின் மூக்கு அதை உங்களுக்கு முன்பே கண்டுபிடிக்கும்.

ஸ்னோ பூட்ஸைப் பற்றிச் சொல்லவேண்டியது அதன் அட்டையில் போட்டிருக்கும் எண். மைனஸ் 32, மைனஸ் 40 என்று போட்டிருப்பார்கள். எல்லாக் கம்பனிகளும் ஒரே முறையில் சோதித்துப் போடும் எண் இல்லை அது, அசைந்துகொண்டிருக்கும் ஆளை வைத்துச் சொல்வதும் பொதுவான வழக்கம். மைனஸ் 40 என்று போட்ட பூட்ஸோடு மைனஸ் 8 பாகையில் பரணில் இருந்து கால் விறைத்தவர்களை எனக்குத் தெரியும். பூட்ஸுக்குள் வைக்கும் தின்சுலேட் என்ற செயற்கைப் பஞ்சுக்கு 400, 800, 1200 என்று வருகிற எண்ணும் வெப்பநிலை இல்லை. ஒரு சதுர மீற்றர் பஞ்சின் நிறை எத்தனை கிராம் என்பது அது. நடந்துகொண்டே இருப்பவருக்கு 200 அல்லது 400 காணும். நவம்பரில் இருப்பவருக்கு 800 வரை நல்லது. அதற்கு மேலே போனால் அது டிசம்பர், ஜனவரிக் குளிருக்கு.

அந்த ஸ்னோ பூட்ஸ் உள்ளே கழற்றக்கூடிய கம்பளிப் படலம் உள்ள வகையாக இருந்தால் வைத்திருங்கள். அடி றப்பர், மேல் தோல் அல்லது நைலோன், உள்ளே தனியாகக் கழன்று வரும் படலம் என்ற இந்த வகை ஒன்ராறியோவுக்கு மிக நெருக்கமானது. சொரெல் என்ற பூட்ஸ் பெயரை உலகத்துக்குத் தந்தது எங்கள் கிச்சனர் நகரத்துக் கோஃப்மன் தொழிற்சாலைதான். அந்தக் கம்பனி 2000ஆம் ஆண்டு முறிந்துபோக, பெயரை அமெரிக்காவின் கொலம்பியா வாங்கியது. மொன்றியல் கம்பனி ஒன்றின் கமிக், ஸ்ரோனி கிறீக்கின் பஃபின் எல்லாம் இதே வழியில் வந்தவைதான்.

இந்த அமைப்பின் தொடக்கமே ஒரு வேட்டைக்காரரின் நனைந்த கால். அமெரிக்காவின் மெய்ன் மாநிலத்து லியோன் பீன் வேட்டைக்குப் போய் ஒவ்வொரு முறையும் கால் நனைந்து வந்ததில் சலித்து, 1911இல் றப்பர் அடியில் தோல் மேற்பாகத்தைத் தைக்கச் சொன்னார். 1912இல் வெளிமாநிலத்திலிருந்து வேட்டை உரிமம் எடுத்தவர்களின் முகவரிகளுக்குத் தபாலில் விளம்பரம் அனுப்பி முதல் நூறு சோடியை விற்றார். தோல் றப்பரிலிருந்து கிழிந்துகொண்டு வர, தொண்ணூறு சோடி திரும்பி வந்தது. எல்லாருக்கும் காசைத் திருப்பிக் கொடுத்து, கடன் வாங்கி, பொருத்தைச் சரிசெய்து மறுபடி செய்தார். இன்றைக்கும் நீங்கள் எந்தப் பழைய றப்பர்–தோல் பூட்ஸை வாங்கினாலும் முதலில் பார்க்கவேண்டிய இடம் அந்தப் பொருத்துத்தான். மடித்துப் பாருங்கள், நூலுக்குப் பக்கத்தில் வெடிப்புத் தெரிந்தால் வைத்துவிடுங்கள்.

அப்படியானால் ஏன் முழு றப்பர் பூட்ஸைச் சொல்கிறேன்? அந்த நிலத்துக்காகத்தான். ஹலிபேர்ட்டன் கனடியக் கேடயம் என்கிற பழைய பாறைத் தளத்தில் இருக்கிறது. கருங்கல் முதுகுகள், அவற்றுக்கு நடுவில் பள்ளம், பள்ளத்தில் பீவர் அணை கட்டி நிரப்பிய தண்ணீர். காட்டில் ஐந்து நிமிடம் நடந்தால் ஏதோ ஒரு ஈரத்தைக் கடக்கத்தான் வேண்டும். எட்டு அங்குல உயரத் தோல் பூட்ஸ், எவ்வளவு நல்ல கோர்-ரெக்ஸ் என்ற தண்ணீர் புகாத படலம் வைத்ததாக இருந்தாலும், ஒன்பது அங்குலத் தண்ணீரில் தோற்றுவிடும். மேலால் தண்ணீர் உள்ளே போய்விட்டால் அந்தப் படலமே தண்ணீரை வெளியே விடாமல் பிடித்து வைத்துக்கொள்ளும், இரவு முழுக்க வைத்தாலும் காயாது. பதினாறு அங்குல றப்பர் பூட்ஸ் என்றால் கவலையில்லாமல் கடந்து போகலாம், உள்ளே நனைந்தாலும் துணியால் துடைத்துவிடலாம். மணமும் அவ்வளவு பிடிக்காது.

இன்னொரு காரணம் உண்ணி. கருங்கால் உண்ணி லைம் நோயைக் கொண்டுவருவது உங்களுக்குத் தெரிந்திருக்கும். 4 பாகைக்கு மேலே வெப்பநிலை போனால் அது நவம்பரிலும் நடமாடும். வழுவழுப்பான உயர்ந்த றப்பர் பூட்ஸில் ஏறிப் பிடித்துக்கொள்ள அதற்குச் சிரமம், ஏறினாலும் உங்கள் கண்ணுக்குத் தெரியும். என்றாலும் ஒவ்வொரு இரவும் முழங்காலுக்குப் பின்னால், இடுப்பு, அக்குள் எல்லாம் பார்த்துவிட்டுத்தான் படுக்க வேண்டும்.

றப்பரின் குறையையும் சொல்ல வேண்டும். அது வியர்வையை வெளியே விடாது. கணுக்காலை இறுக்கிப் பிடிக்காததால் செங்குத்தான பாறையில் குதிக்கால் உள்ளே வழுக்கும். ஒரு நாளைக்குப் பத்துக் கிலோமீற்றர் நடந்து தடம் பார்த்து வேட்டையாடப் போகிறவருக்கு நான் இதைச் சொல்ல மாட்டேன். அவருக்கு நல்ல தோல் பூட்ஸ்தான், அதுவும் இரண்டு மாதம் போட்டு நடந்து பழக்கியது. அதன் விலை முந்நூறைத் தாண்டும். நீங்கள் அடுத்த அடுத்த வருடங்களில் நாய்க்காரரோடு போகத் தொடங்கினால் அப்போது வாங்கலாம். இப்போது வேண்டாம்.

சரி, கடைக்குப் போவோம். இங்கேதான் பலர் அவசரப்படுகிறார்கள். எந்தக் கம்பனி என்பதைவிட உங்கள் காலுக்கு எப்படி இருக்கிறது என்பது பல மடங்கு முக்கியம். பின்னேரம் போங்கள், நாள் முழுக்க நின்று நடந்த கால் காலையில் இருப்பதைவிடக் கொஞ்சம் வீங்கியிருக்கும், காட்டிலும் அப்படித்தான் இருக்கும். வேட்டைக்குப் போடப்போகும் அதே தடித்த சொக்ஸைக் கையோடு கொண்டுபோங்கள், கடையில் தரும் மெல்லிய சொக்ஸோடு பார்த்து வாங்குவது வீண். இரண்டு காலையும் அளக்கச் சொல்லுங்கள். பெரும்பாலானவர்களுக்கு ஒரு கால் கொஞ்சம் பெரிது. பெரிய காலுக்குத்தான் வாங்க வேண்டும். ஊரில் 8 என்று போட்டது பிரித்தானிய அளவு, இங்கே அது ஏறக்குறைய 9.

முதலில் பூட்ஸுக்குள் இருக்கும் இன்சோலை, அதாவது பாதத்துக்குக் கீழே வரும் உள் அட்டையை, கழற்றி நிலத்தில் வைத்து, சொக்ஸோடு அதன்மேல் ஏறி நில்லுங்கள். இரண்டு பக்கமும் பாதம் அட்டைக்கு வெளியே பிதுங்கினால் அந்தப் பூட்ஸ் உங்களுக்கு ஒடுக்கம். எண்ணைக் கூட்டினால் நீளம்தான் கூடும், அகலம் அவ்வளவாகக் கூடாது. எங்களில் பலர் செருப்போடும் வெறுங்காலோடும் வளர்ந்தவர்கள், விரல்ப் பக்கம் விரிந்த பாதம். ஆண்களின் அளவில் சாதாரண அகலம் டி என்று வரும். 2ஈ என்று போட்டது அதைவிட அகலம், 4ஈ இன்னும் அகலம். வைத்திருக்கிறார்களா என்று வாய்விட்டுக் கேளுங்கள், பின் அறையிலிருந்து எடுத்து வருவார்கள்.

பிறகு இன்சோலைத் திரும்ப வைத்துவிட்டுக் காலை உள்ளே விட்டு, விரல்கள் முன்னால் முட்டும்வரை தள்ளுங்கள். குதிக்குப் பின்னால் ஒரு சுட்டுவிரல் நுழைய வேண்டும். நுழையாவிட்டால் சிறிது, இரண்டு விரல் நுழைந்தால் பெரிது. அப்படியே எழுந்து நடங்கள். றப்பர் பூட்ஸில் குதி கொஞ்சம் எழும்பத்தான் செய்யும், ஆனால் ஒவ்வொரு அடிக்கும் ஒரு அங்குலம் எழும்பினால் சதுப்பில் பூட்ஸ் சேற்றோடு நின்றுவிடும், கால் மட்டும் வெளியே வரும். கணுக்கால் பக்கம் ஒடுங்கிப் பிடிக்கிற மாதிரி வார்த்த வகைகள் இருக்கின்றன. போடும்போது கொஞ்சம் சிரமம், நடக்கும்போது அருமை. கடையில் சரிவுப் பலகை இருந்தால் அதில் இறங்குங்கள், இல்லாவிட்டால் படியில் இறங்குங்கள். இறக்கத்தில் பெருவிரல் முன்னால் இடித்தால் அந்த பூட்ஸோடு மூன்றாம் நாள் நகம் கறுக்கும். கடைசியாக, ஒரு கதிரையில் பத்து நிமிடம் இருந்து பாருங்கள். இதை யாரும் செய்வதில்லை. நீங்கள் வேட்டையின் பெரும் பகுதியை இருந்துதான் கழிக்கப் போகிறீர்கள், அப்போது பூட்ஸின் மேல் விளிம்பு முழங்காலுக்குப் பின்னால் வெட்டுகிறதா என்று இப்போதே தெரிய வேண்டும்.

வாங்கிய பிறகு இரண்டு மூன்று நாள் வீட்டுக்குள் மட்டும் போட்டு நடங்கள், அழுக்குப் படாவிட்டால் மாற்றலாம். பற்றுச்சீட்டை எறிய வேண்டாம். செப்ரெம்பரிலேயே வாங்குங்கள். ஒக்ரோபர் கடைசியில் போனால் எல்லாரும் போடுகிற அளவுகள் முடிந்துபோய், பதின்மூன்றும் ஏழும்தான் மிச்சமிருக்கும்.

நிறத்தைப் பற்றி ஒரு வார்த்தை. இலை படம் அச்சிட்ட பூட்ஸுக்கு முப்பது டொலர் அதிகம் கொடுக்க வேண்டாம். மானுக்குச் சிவப்பும் செம்மஞ்சளும் எங்களுக்குத் தெரிகிற மாதிரித் தெரியாது, அதனால்தானே செம்மஞ்சள் மேலங்கியும் தொப்பியும் போட்டுக்கொண்டு வேட்டையாட முடிகிறது. உங்கள் காலின் நிறத்தை மான் பார்க்கப் போவதில்லை. அது காலின் சத்தத்தைக் கேட்கும், மணத்தைப் பிடிக்கும். எனவே புது பூட்ஸை வீட்டு வாசலுக்குள், சமையலறைக் காற்று வருகிற இடத்தில் வைக்க வேண்டாம். வெங்காயமும் கறித்தூளும் தாளிக்கிற மணம் துணியிலும் தோலிலும் எவ்வளவு நாள் நிற்கும் என்று உங்களுக்குச் சொல்லத் தேவையில்லை. கராஜில் அல்லது மூடிய பிளாஸ்ரிக் பெட்டியில் வையுங்கள். போகும் வழியில் பெற்றோல் அடிக்க வேறு சப்பாத்தோடு இறங்குங்கள், காட்டு வாசலில் பூட்ஸை மாற்றுங்கள்.

சொக்ஸில் பருத்தி கூடவே கூடாது. பருத்தி ஈரத்தைக் குடித்துக் குளிர்ந்துபோய்க் காலோடு ஒட்டிக்கொண்டிருக்கும். கம்பளி தன் நிறையில் ஏறக்குறைய மூன்றிலொரு பங்கு ஈரத்தை இழுத்துக்கொண்டும் சூட்டை விடாது. மெரினோ கம்பளி உறுத்தாது, விலை கூட. மூன்று சோடி சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. ஒன்று நடக்க, ஒன்று இருக்க, ஒன்று முகாமில் காய. நடக்கும்போது மெல்லிய சோடியோடு, காற்சட்டையும் மேலங்கியும் திறந்தபடி, வியர்க்காத வேகத்தில் ஆறுதலாகப் போங்கள். இடத்துக்குப் போய்த் துவக்கைப் பாதுகாப்பாக வைத்துவிட்டு, பூட்ஸைக் கழற்றி, காலைச் சின்னத் துவாயால் துடைத்து, பையிலிருந்து காய்ந்த தடித்த சொக்ஸை எடுத்துப் போடுங்கள். இருட்டில், குளிரில், இதைச் செய்யப் பஞ்சியாக இருக்கும். ஆனால் இந்த மூன்று நிமிட வேலை எந்த விலை பூட்ஸும் தராத சூட்டைத் தரும். லேஸ் வைத்த பூட்ஸ் போட்டவர்கள் இருந்தவுடன் கணுக்காலுக்கு மேலே உள்ள லேஸைத் தளர்த்திவிட வேண்டும், திரும்ப நடக்கும்போது இறுக்கலாம்.

அடுத்தது கால் வைக்கும் இடம். குளிர் மேலிருந்து வருவதைவிட அடியிலிருந்துதான் அதிகம் ஏறும். பரணின் இரும்புத் தட்டிலும் ஈரப் பாறையிலும் கால் வைத்து இருந்தால் பூட்ஸின் அடிவழியாகச் சூடு ஓடிக்கொண்டே இருக்கும். பழைய கம்பளத்தில் ஒரு முழம் வெட்டிச் சுருட்டிப் பையில் போடுங்கள், அல்லது யோகா செய்யும் தடித்த நுரைப் பாயில் ஒரு துண்டு. காலுக்குக் கீழே விரித்தால் சூடும் நிற்கும், காலை அசைத்தாலும் சத்தம் வராது. இதற்குச் செலவே இல்லை. பரணுக்கு ஏறும்போது பூட்ஸின் அடியில் இருக்கும் சேற்றையும் ஸ்னோவையும் முதலாவது படியில் தட்டிவிட்டு ஏறுங்கள், ஆழமான வரி வைத்த அடியில் சேறு நிறைந்தால் ஏணிப் படியில் வழுக்கும். வேட்டையில் நடக்கும் மோசமான விபத்துகளில் பரணிலிருந்து விழுவது முக்கியமான ஒன்று. தோட்டாவை எடுத்த துவக்கைக் கீழே வைத்துவிட்டுத்தான் ஏற வேண்டும், முழு உடம்பையும் பிடிக்கும் பாதுகாப்பு வார் மாட்டாமல் ஏறவே கூடாது.

நீங்கள் கொண்டுபோன ஸ்னோ பூட்ஸ் எதற்கு என்றால், வெப்பம் சட்டென்று மைனஸ் பத்துக்கு இறங்கி, நிலம் இறுகி, உங்கள் காவல் இடம் பாதைக்குப் பக்கத்திலேயே இருக்கிற நாளுக்கு. அன்றைக்கு நடை குறைவு, இருப்பு அதிகம். அதன் உள் படலத்தை மட்டும் ஒவ்வொரு இரவும் வெளியே எடுத்துக் காயவிட வேண்டும்.

சூட்டுச் சாதனங்களைப் பற்றியும் கேட்பீர்கள். கைக்கு வைக்கும் சூட்டுப் பைகளைப் பூட்ஸுக்குள் போட்டுப் பயனில்லை, அவை காற்றிலுள்ள ஒட்சிசனோடு சேர்ந்துதான் சூடாகும், மூடிய பூட்ஸுக்குள் அது காணாது. விரலுக்கென்றே செய்தவை கொஞ்சம் குறைந்த காற்றிலும் வேலை செய்யும், அவற்றை சொக்ஸுக்கு வெளியே, விரலுக்கு மேற்பக்கம் ஒட்டுங்கள், வெறும் தோலில் வேண்டாம். நீரிழிவு எங்கள் ஆட்களிடையே எவ்வளவு என்பது தெரிந்ததுதானே. உங்களுக்கோ உங்களோடு வருகிறவருக்கோ இருந்து, காலில் உணர்ச்சி கொஞ்சமேனும் குறைந்திருந்தால் இந்தச் சூட்டுப் பைகளையும் மின்கல சொக்ஸையும் வைத்தியரைக் கேட்காமல் போடக் கூடாது. தோல் எரிவது தெரியாது, கொப்புளம் வந்ததும் தெரியாது. அப்படியானவர்கள் மதியமும் இரவும் காலைக் கண்ணால் பார்க்க வேண்டும். பாதத்தின் அடியையும், விரல் இடுக்கையும்.

களிமண் தட்டுச் சுடுவதற்குத் தனியாக எதுவும் வாங்க வேண்டாம். விரலும் குதியும் மூடிய, அடி தட்டையான, கொஞ்சம் உறுதியான சப்பாத்து இருந்தால் காணும். சுட்ட தோட்டாவின் கூடு சூடாக வந்து விழும், செருப்போடு எந்தக் களத்திலும் நிற்க வேண்டாம். ஓடுவதற்குச் செய்த, மெத்தென்ற தடித்த நுரை அடி வைத்த சப்பாத்துத்தான் பலரும் போட்டு வருவது. அதில் நின்று துவக்கைத் திருப்பும்போது உடம்பு லேசாகத் தளும்பும். சப்பாத்து எவ்வளவு முக்கியம் என்பதற்கு, சர்வதேச றைபிள் போட்டிகளில் சப்பாத்தின் அடி 10 மில்லிமீற்றருக்கு மேலே தடிக்கக் கூடாது, வளைந்தும் கொடுக்க வேண்டும் என்று விதியே இருக்கிறது. இறுகிய சப்பாத்து நிலையாக நிற்க அவ்வளவு உதவும் என்பதால்தான் அந்தக் கட்டுப்பாடு. உங்களுக்கு நான் சொல்வது, கடைசி ஒன்றிரண்டு பயிற்சிக்கு வேட்டைக்குப் போடப்போகும் அதே றப்பர் பூட்ஸையும் தடித்த மேலங்கியையும் போட்டுக்கொண்டு போங்கள். பாரமான பூட்ஸில் கால் நிலத்தில் நட்டு நிற்கும், இடுப்பு திரும்பும் அளவு குறையும். அதை மான் முன்னால் நிற்கும்போது முதல்முறையாகக் கண்டுபிடிக்கக் கூடாது.

வாத்து வேட்டை ஒரு நாள்தான் என்றால், வயல் ஓரத்திலோ சதுப்பின் கரையிலோ இருந்து சுடுவதற்கு இதே றப்பர் பூட்ஸ் காணும். தண்ணீருக்குள் இறங்கவேண்டிய இடம் என்றால் மார்பு வரை வரும் வேடர்ஸ் என்ற தண்ணீர் புகாத காற்சட்டை வேண்டும். அதை வாங்காமல் யாரிடமாவது இரவல் எடுங்கள். பூட்ஸ் சேர்ந்தே வருகிற வகைதான் குளிருக்கு நல்லது. இடுப்பில் வாரை இறுக்கிக் கட்டாமல் ஒரு அடிகூட இறங்க வேண்டாம், விழுந்தால் தண்ணீர் உள்ளே நிறையாமல் தடுப்பது அந்த வார்தான். கையில் ஒரு தடி வைத்து முன்னால் ஆழம் பார்த்துப் பார்த்து, காலைத் தூக்காமல் இழுத்து நடக்க வேண்டும். சேற்றில் மாட்டினால் முதலில் குதியைத் தூக்குங்கள், காற்று உள்ளே போனதும் பிடி விடும்.

முகாமில் விறகடுப்பைச் சுற்றி எல்லாரும் பூட்ஸ் அடுக்கி வைப்பதைப் பார்ப்பீர்கள். உங்கள் பூட்ஸை அதற்குள் வைக்க வேண்டாம். நெருப்பின் சூட்டில் தோல் வெடிக்கும், பசை விடும், நியோபிரீன் இறுகும். இன்சோலைக் கழற்றி, உள்ளே பத்திரிகைத் தாளைக் கசக்கித் திணித்து, ஒரு மணி நேரத்தில் அந்தத் தாளை மாற்றி, சுவர் ஓரமாகச் சரித்து வையுங்கள். காலையில் காய்ந்திருக்கும்.

பழைய பூட்ஸ் யாராவது இரவல் தருகிறேன் என்றால் எத்தனை வருடம் பெட்டிக்குள் இருந்தது என்று கேளுங்கள். பல தோல் பூட்ஸுகளின் அடிக்கும் மேலுக்கும் நடுவில் பொலியூரிதேன் நுரை இருக்கும். அது போடாமல் வைத்திருந்தாலும் காற்றின் ஈரத்தோடு சேர்ந்து மெல்ல மெல்ல உதிரும். வெளியே புதிது போலத்தான் இருக்கும். என் நண்பர் ஒருவரின், பல வருடம் பெட்டியில் இருந்த விலையுயர்ந்த சோடி ஒன்று காட்டுக்குள் முதல் மணி நேரத்திலேயே அடி முழுக்கக் கழன்று, அவர் நாடாவால் சுற்றிக்கட்டிக்கொண்டு திரும்ப நடந்தார். விரல் நகத்தால் அந்த நடு நுரையை அழுத்திப் பாருங்கள். பள்ளம் விழுந்து திரும்ப எழும்பாவிட்டால், அல்லது பொடி உதிர்ந்தால், நன்றி சொல்லித் திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.